நாலு ஜிபியைக் காணோம்

ஒன்பது திருகாணிகளில் எட்டு கழன்றுவிட்டன. ஒன்பதாவது அடம்பிடித்தது.

அலுவலகத்தின் பெண்கள் கழிவறை. உள்ளே தாழ்ப்பாள். கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் லேப்டாப் குப்புறக் கிடக்க, அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள் ஆய்வாளர். மணி பதினொன்று பத்து. இரண்டு மணிக்கு விசாரணை. கையில் மூக்குக்கண்ணாடி ரிப்பேருக்கு வைத்திருந்த குட்டி ஸ்க்ரூடிரைவர்.

"உள்ள யாரு? குடித்தனமே வந்தாச்சா?" கதவுக்கு வெளியே டைப்பிஸ்ட் அக்காவின் குரல்.

"வயிறு சரியில்லக்கா! மாடிக்குப் போங்க!"

"விசாரணைன்னா எல்லாருக்கும் இப்படித்தான் கலக்கும். ஓமத்தண்ணி குடி."

செருப்புச் சத்தம் தேய்ந்து போனது. ஒன்பதாவது திருகாணி 'டக்' என்று இளகியது. மூடியை நெம்பித் தூக்கினாள். உள்ளே, பச்சைப் பலகையில், சூயிங்கம் பட்டை நீளத்தில் இரண்டு மெமரித் துண்டுகள் பக்கத்துப் பக்கத்தில். ஒன்றில் எட்டு ஜிபி. இன்னொன்றிலும் எட்டு. எட்டும் எட்டும் பதினாறு. எவரும் எதையும் பிடுங்கிக்கொண்டு போகவில்லை.

அப்படியானால் அந்த நாலு எங்கே?

லேப்டாப்பின் அடிமூடியில் அவள் கையெழுத்தில் ஒரு ஸ்டிக்கர். சனிக்கிழமை மாலை: பொருத்தியது 16, பயன்படுவது 15.7. இன்று காலை, அதற்குக் கீழே: பொருத்தியது 16, பயன்படுவது 11.8.

வேறு யாராக இருந்தாலும் இதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். ஆனால் இவள் வேலை அப்படி. ஊரிலிருக்கிற தராசு, எடைக்கல், பெட்ரோல் பம்ப் எல்லாவற்றையும் சோதித்து, சரியாக இருந்தால் ஈயத்தில் முத்திரை அழுத்துகிற வேலை. சரியில்லாததைச் சுற்றி 'நிராகரிக்கப்பட்டது' என்றும் தன் எண்ணும் அச்சிட்ட மஞ்சள் டேப் ஒட்டுகிற வேலை. அளக்கிற கருவியை முதலில் அள என்று பழகிய கை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அளவுக் கேன், தெர்மாமீட்டர், லேப்டாப் என்று வரிசையாக வைத்து, ரீடிங் எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் போடுவாள். ஒவ்வொரு விசாரணைக்கு முன்னாலும் இன்னொரு தடவை. பங்க் ஆட்கள் அவளுக்கு வைத்த பெயர் 'முத்திரை'. வீட்டு ஃப்ரிட்ஜில்கூட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள். "என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிடும்மா. எப்ப எத்தனை டிகிரி கொதிக்கிறேன்னு எழுதிக்கலாம்" என்று நாத்தனார் இடித்துக் காட்டுவாள்.

இப்போது அந்த ஸ்டிக்கர்தான் அவளை வியர்க்க வைத்தது. உள்ளே எவனோ உட்கார்ந்திருக்கிறான். நாலு ஜிபி இடத்தைப் பிடித்துக்கொண்டு, நான் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பயம் அவளுக்காக மட்டும் இல்லை. ஊரின் பெரிய பெட்ரோல் பங்கில் அளவு குறைகிறது என்று ஒரு மாதமாக அவளுக்குப் பெயரில்லாத கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. ஐந்து லிட்டர் கேனை வைத்துச் சோதித்தால் அன்றைக்கு மட்டும் அளவு சரியாக நிற்கும். நேற்று, திங்கட்கிழமை காலை, அலுவலகத் தபால் பெட்டியில் ஒரு பழுப்பு உறை. உள்ளே நகத்தளவு மெமரி கார்டு. அதில் நாற்பது விநாடி வீடியோ. ஒரு கை பம்பின் மூடியைத் திறந்து, ஒயர்களை விலக்கி, எந்த இடத்தில் திருட்டுச் சிப் ஒட்டியிருக்கிறது என்று தொட்டுக் காட்டுகிறது. அனுப்பியவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. பங்குக்குள்ளேயே வேலை பார்க்கிற ஆள் என்பது மட்டும் தெரியும். இன்றைய விசாரணைக்கு அந்த வீடியோதான் ஆதாரம்.

போன வருஷம் இப்படி வாயைத் திறந்த ஓர் ஊழியர், தரைக்கடியில் இருக்கிற டேங்கைக் கழுவ இறங்கினார். ஏறவில்லை. 'விபத்து' என்று கோப்பை மூடியதும் இதே கட்டடத்தில்தான்.

இந்த லேப்டாப்பைத் திறந்தவன், அந்த வீடியோவிலிருந்து ஆளை மோப்பம் பிடித்தால்?

மூடியை அழுத்திப் பொருத்தினாள். திருகாணிகளில் ஒன்று வாளிக்குப் பின்னால் உருண்டு ஓடிவிட்டது. தேட நேரமில்லை.

கடைத்தெருவின் மாடிப்படிக்குக் கீழே ஒரு பெட்டிக்கடை அகலத்தில் ரிப்பேர் கடை. அதன் உரிமையாளரை ஊரே 'ஸ்க்ரூ' என்றுதான் கூப்பிடும். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தவர், புருவத்தைத் தூக்கினார்.

"வாம்மா முத்திரை. ஒரு ஸ்க்ரூ குறையுதே. லேப்டாப்புக்கா, உனக்கா?"

"அண்ணே, விளையாட நேரமில்ல. கதவைச் சாத்துங்க."

"இந்தக் கடைக்குக் கதவே கிடையாது. படுதாதான் இருக்கு. இழுத்து விடவா?"

இழுத்து விட்டார். அவள் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். அவர் காதைக் குடைந்தபடி கேட்டார்.

"முதல்ல இதைக் கேளு. பதினாறு போட்டா பதினாறும் உனக்குத்தான்னு எவனும் எழுதிக் குடுக்கல. வீடு இத்தனை சதுர அடின்னு சொல்லி விப்பான். உள்ள போய் டேப்பு வெச்சு அளந்தா, சுவர் தின்னது போகத்தான் உனக்கு. சனிக்கிழமை பாயின்ட் மூணு குறைஞ்சுது இல்ல? அது சுவரு. எல்லா மெஷின்லயும் உண்டு. நீ பம்புல பிடிக்கிற கள்ளக் கணக்கு மாதிரி இல்ல. நல்ல கணக்கு."

"அது எனக்கும் தெரியும். இப்ப நாலு போயிருக்கே!"

"வரேன், வரேன். உன் லேப்டாப்புல படம் காட்டற சிப்புக்குன்னு தனி மெமரி கிடையாது. பொது மெமரியிலிருந்தே கொஞ்சம் எடுத்துக்கும். எவ்வளவு எடுக்கணும்னு அதுவே பார்த்துக்கும். ஆனா யாரோ உட்கார்ந்து அதுக்கு நாலு ஜிபியைப் பட்டா போட்டுக் குடுத்திருக்காங்க. அந்த நாலு இப்ப படத்துக்கு. வேற எவனும் தொட முடியாது. அதான் உன் கணக்குல காணோம்."

"ஒட்டுக்கேட்கிற புரோகிராம் இல்லையா?"

"அட, திருடன் வீட்டுக்குள்ள புகுந்தா சாமான் குறையும். வீட்டோட நீளம் அகலமா குறையும்? அந்த மாதிரி புரோகிராம், இருக்கிற மெமரியைத்தான் தின்னும். இந்தக் கணக்கைத் தொடாது."

அவளுக்கு உயிர் வந்தது. ஒரு விநாடிதான். அடுத்த விநாடியே அதைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார் ஸ்க்ரூ.

"ஆனா ஒண்ணு. இந்த மாடல்ல இதை இன்டர்நெட் வழியா எங்கேயோ உட்கார்ந்து மாத்த முடியாது. மெஷினை ஆன் பண்ணி, படம் வர்றதுக்குள்ள ஒரு பட்டனைத் தட்டி, உள்ளாற போய் மாத்தணும். அதாவது, ஒருத்தர் இதோ இப்படி, உன் லேப்டாப்புக்கு முன்னால உட்கார்ந்து, தன் கையால மாத்தியிருக்காங்க."

படுதாவுக்கு வெளியே யாரோ இருமினார்கள். அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"பாஸ்வேர்ட் கேட்குது. போடு, பார்த்துடலாம்."

நாலு எண்களை அடித்தாள். நாலு, ஒன்று, ஏழு, இரண்டு. ஸ்க்ரூ தலையிலேயே அடித்துக்கொண்டார்.

"அடிப்பாவி! இது உன் முத்திரை நம்பர் இல்ல? ஊர்ல இருக்கிற பம்பு அத்தனையிலயும் ஈயத்துல தொங்குதே! பூட்டுப் போட்டுட்டுச் சாவியைத் தோரணம் கட்டி விட்டிருக்கியே, தாயி!"

அவளுக்கு முகம் எரிந்தது. பன்னிரண்டு வருஷமாக ஒரு நாளைக்கு நாற்பது தடவை அழுத்துகிற எண். அதை மறக்கமாட்டோம் என்று வைத்தது. பார்க்கிறவர்களும் மறக்கமாட்டார்கள் என்று தோன்றவில்லை.

"இதோ, நாலு ஜிபி. கையாலதான் வெச்சிருக்காங்க. பழையபடி ஆக்கிடவா?"

"வேண்டாம். தடயம். அப்படியே இருக்கட்டும். இதனால யாருக்கு என்ன லாபம்ணே?"

"விளையாடறவனுக்கு. இல்லன்னா வீடியோ வெட்டி ஒட்டறவனுக்கு. சில வீடியோ சாஃப்ட்வேர், படத்துக்குன்னு நாலு ஜிபி இருந்தாத்தான் உள்ள விடும். இல்லன்னா வாசல்லயே நிக்க வெச்சுடும். இரு, தேடறேன்."

ஸ்க்ரூவின் விரல்கள் விசைகளில் ஓடின. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு இருபது.

"போட்டிருக்காங்க, தூக்கியும் இருக்காங்க. ஆனா துடைக்கத் தெரியல, இல்ல நேரமில்ல. இந்த ஃபோல்டர் மட்டும் தங்கிடுச்சு. ஞாயித்துக்கிழமை, காலையில பத்து இருபது. உள்ள குட்டி குட்டியா படம் இருக்கு, பாரு."

தபால்தலை அளவில் பத்துப் பன்னிரண்டு படங்கள். திறந்த பம்ப். ஒயர்கள். ஒரு கை.

அதே வீடியோ. திங்கட்கிழமை காலையில் உறைக்குள் வந்த வீடியோ, ஞாயிற்றுக்கிழமையே அவள் லேப்டாப்புக்குள் இருந்திருக்கிறது.

வலை எங்கே விரித்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. அந்த வீடியோவே போலி. அதை அவள் லேப்டாப்பிலேயே உட்கார்ந்து தயார் பண்ணி, அவளுக்கே தபாலில் போட்டிருக்கிறார்கள். இரண்டு மணிக்கு அவள் அதைச் சபையில் போடுவாள். பங்க் முதலாளி எழுந்து நின்று, "இது எந்தக் கம்ப்யூட்டர்ல செஞ்சதுன்னு பாருங்க" என்பான். பார்ப்பார்கள். பொய்ச் சாட்சி தயாரித்த அதிகாரி என்று அவளைத்தான் உள்ளே தள்ளுவார்கள். பங்க் அதே அளவில் ஓடும். உண்மையாகவே கடிதம் எழுதிய அந்த யாரோ, அடுத்த வாரம் டேங்கைக் கழுவ இறங்குவார்.

"என்னம்மா, முகம் சுண்ணாம்பாயிடுச்சு? தண்ணி குடி."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து இருபது. ஜுரத்துக்கு மாத்திரை போட்டுக்கொண்டு அவள் செத்த பிணம்போலத் தூங்கிக்கொண்டிருந்தாள். தொலைதூர பஸ் ஓட்டுகிற கணவர் வண்டியோடு எங்கோ இருந்தார். வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஆள்.

நாத்தனார்.

கணவரின் அக்கா. பத்து வருஷம் ஒரு வீடியோ ஸ்டூடியோவில் படங்களை வெட்டி ஒட்டி, இசை சேர்த்து, கண் கெட்டுப் போனவள். ஸ்டூடியோவை மூடியதும் வேறு வேலை தேடினாள். கிடைத்த வேலை, அந்தப் பெரிய பங்கில் பம்ப் ரீடிங் எழுதுவது. தினம் எட்டு மணி நேரம் அந்த ஈய முத்திரைகளுக்கு நடுவில்தான் நிற்கிறாள். நாலு, ஒன்று, ஏழு, இரண்டு.

ஒரே வீட்டில் இரண்டு பேரும் எலியும் பூனையும். வெள்ளிக்கிழமைகூடச் சண்டை. இவள் சட்டையைத் தேய்க்கிறேன் பேர்வழி என்று நாத்தனார் கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டாள். "உன் யூனிஃபார்மைத் தேய்ச்சு என் விரலு போச்சு" என்று அவள் கத்த, "உங்களை யாரு தேய்க்கச் சொன்னா?" என்று இவள் கத்த, மருந்து போட்டுக் கட்டிவிட்டதும் இவள்தான். அதற்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாது. சண்டை எல்லாம் வாயோடு சரி என்று நினைத்திருந்தாள்.

எவ்வளவுக்கு விலை போனாள்? எப்போதிலிருந்து?

படுதாவை விலக்கி வெளியே வந்ததும் போன் போட்டாள். மூன்றாவது மணியில் எடுத்தாள் நாத்தனார். பின்னால் கார் ஓடுகிற சத்தம்.

"அண்ணி, எங்க இருக்கீங்க?"

"முதலாளி கார்ல." குரல் வழக்கத்துக்கு மாறாகத் தணிந்திருந்தது. "உங்க ஆபீசுக்குத்தான் வரோம். என்னையும் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்காரு."

போன் துண்டிக்கப்பட்டது.

விசாரணை அறை மாடியில். நீள மேஜை. எதிர்ச் சுவரில் வெள்ளைத் திரை, மேலே புரொஜெக்டர். தலைமை நாற்காலியில் மேலதிகாரி. எந்தப் பக்கம் கனம் அதிகமோ அந்தப் பக்கம் தலை சாய்வதால் அலுவலகத்தில் அவருக்குத் 'தராசு' என்று பெயர். அவர் இடப்பக்கம் பங்க் முதலாளி, இஸ்திரி கலையாத சட்டை, வாய் நிறையச் சிரிப்பு. சுவரோரம் பெஞ்சில் பங்கின் ஊழியர்கள் மூன்று பேர். அவர்களில் கடைசியாக நாத்தனார். மடியில் கைப்பை, பைக்கு அடியில் வலது கை. இவள் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆய்வாளர் அம்மா ரொம்ப வேர்த்திருக்காங்களே. ஃபேனை வேகமா வைங்கப்பா" என்றான் முதலாளி. பிறகு, பெஞ்சைப் பார்க்காமலே, பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி: "என் பங்குல படம் எடுக்கிற அளவுக்குக் கலைஞன் யாருன்னு தெரிஞ்சா நல்லாயிருக்கும். டேங்கு வேற கழுவ வேண்டியிருக்கு. நல்ல கை ஒண்ணு வேணும்."

பெஞ்சில் ஒருவர் எச்சில் விழுங்குகிற சத்தம் மேஜை வரை கேட்டது.

"ஆரம்பிங்க" என்றார் தராசு.

வேறு வழியில்லை. வீடியோவைப் போடாவிட்டால் வழக்கு இல்லை. போட்டால் வலை. ஒரே ஒரு வழிதான். வீடியோவைப் போட்டுவிட்டு, முதலாளி வாயைத் திறப்பதற்குள் தானே சொல்லிவிட வேண்டும்: இது என் லேப்டாப்பில் செய்யப்பட்டது, செய்தவள் இதோ இந்தப் பெஞ்சில் இருக்கிறாள், அனுப்பியவன் இதோ இந்த நாற்காலியில் இருக்கிறான். கணவர் முகத்தில் அதற்கப்புறம் எப்படி விழிப்பது என்று யோசிக்கக் கூடாது.

கார்டைச் செருகினாள். சுவரில் பம்ப் ஆளுயரத்துக்கு எழுந்து நின்றது. கை வந்தது. கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு மங்கல் பொட்டு, பனி படிந்த கண்ணாடிபோல, கையோடு சேர்ந்து நகர்ந்தது. மூடி திறந்தது.

"சினிமா நல்லாத்தான் இருக்கு" என்றான் முதலாளி. "எந்தக் கம்ப்யூட்டர்ல எடுத்துத் தைச்சாங்களோ!"

வந்துவிட்டது.

தராசு புரொஜெக்டர் ஒயரைத் தளர்த்துவதற்காக லேப்டாப்பின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். அடியில் ஸ்டிக்கர். இதே துறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர். ஸ்டிக்கர் கண்ணில் பட்டால் படிக்காமல் விடமாட்டார்.

"சனிக்கிழமை பதினஞ்சு புள்ளி ஏழு. இன்னிக்குப் பதினொண்ணு புள்ளி எட்டு." கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "நடுவுல இதை யாரோ தொட்டிருக்காங்களே. யாரும்மா?"

"ஆமா. யாரு?" முதலாளி அவள் பக்கம் சாய்ந்தான். அவன் பார்வை ஊசிபோல அவள் முகத்தில் குத்தி நின்றது. பெஞ்சில் மற்ற இரண்டு பேரும் அவளையே பார்த்தார்கள்.

"சார், என் வீட்டுல..."

நாத்தனார் பக்கம் விரல் எழுந்தது. நாத்தனார் அதைப் பார்க்கவில்லை. அந்த அறையில் அவள் ஒருத்திதான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சொட்டு ரத்தமில்லை. வரப்போகிற எதற்கோ பல்லைக் கடித்துக் காத்திருக்கிற பார்வை.

ஆய்வாளரும் சுவரைப் பார்த்தாள்.

முப்பத்தெட்டாவது விநாடி. கை சட்டென்று பின்வாங்கியது. மங்கல் பொட்டு அந்த வேகத்துக்கு ஓட முடியாமல் ஒரு கண்சிமிட்டல் பின்தங்கியது. லேப்டாப்பின் சின்னத் திரையில் நேற்று பத்துத் தடவை பார்த்தும், சிப்பையே பார்த்துக்கொண்டிருந்த அவள் கண்ணில் படாத ஒன்று, சுவரில் சாணளவுக்குப் பளிச்சிட்டு மறைந்தது. வீடியோ முடிந்தது.

அவள் விரல் பாதியிலேயே நின்றது.

"வீட்டுல?" என்றார் தராசு.

எழுந்த விரலை மடக்கித் தன் நெஞ்சிலேயே வைத்துக்கொண்டாள்.

"வீட்டுல வெச்சு நான்தான் சார் மாத்தினேன். படம் விட்டுவிட்டு ஓடுச்சு. படத்துக்குன்னு நாலு ஜிபி ஒதுக்கி வெச்சேன். அதான் மிச்சம் குறையுது."

"எதை மாத்தினாலும் பக்கத்துல சுருக்கொப்பம் போடணும்னு ஊருக்கெல்லாம் சொல்றது நீங்கதான். இதுல காணோமே?"

"மறந்துட்டேன் சார்."

"நீங்களா? மறந்தீங்களா?"

பேனாவை எடுத்தாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, தான் செய்யாத வேலைக்குத் தன் சுருக்கொப்பத்தைப் போட்டாள். எழுத்து கோணிக்கொண்டு போனது. தராசு அந்தக் கோணலை ஒரு கணம் பார்த்தார். எந்தப் பக்கம் சாய்வது என்று அவருக்கே தெரியவில்லை.

"இன்னொரு தடவை போடுங்க." முதலாளியின் சிரிப்பு எங்கோ போயிருந்தது. "கடைசியில ஏதோ பளிச்சுன்னுச்சே. நான் சரியா பார்க்கல."

போடமாட்டேன் என்றால் சந்தேகம். போட்டால் கொலை. வலது கை மவுஸை நகர்த்தியது. இடது கைக் கட்டைவிரல், லேப்டாப்பின் விளிம்பிலிருந்த பவர் பட்டனை அழுத்தி, அழுத்தியபடியே நின்றது. ஒன்று. இரண்டு. சுவரில் பம்ப் வந்தது. மூன்று. கை வந்தது. நாலு. சுவர் இருண்டது.

"ஹேங் ஆயிடுச்சு சார்." குரல் உடைந்தது. உடைந்ததும் நல்லதாகப் போயிற்று. "மெமரி குறைச்சல்தான், நீங்களே பார்த்தீங்களே! இந்தச் சனியன் எப்பவும் சமயத்துல காலை வாரும். சார், படம் எதுக்கு? சிப்பு எந்த இடத்துல இருக்குன்னு எல்லாரும் பார்த்துட்டோம். இப்பவே போய்ப் பம்பைத் திறப்போம். இருந்தா இருக்கு. இல்லன்னா என் வேலையை எடுத்துக்கங்க."

"இப்பவேவா?" முதலாளி பாதி எழுந்துவிட்டான். அவசரம் அதிகம். அது அவன் செய்த தப்பு.

தராசு அந்த அவசரத்தைப் பார்த்தார். தலை மெதுவாக இந்தப் பக்கம் சாய்ந்தது. "இப்பவேதான். அதுவரைக்கும் நீங்க யாருக்கும் போன் பண்ண வேண்டாம். போனை இப்படி மேஜை மேல வைங்க. கார்டை உறையில போட்டு மூடுங்கம்மா."

உறையை ஒட்டுவதற்காகப் பைக்குள் கை விட்டாள் ஆய்வாளர். விட்ட கையை வெளியே எடுக்காமலே நிறுத்தினாள். "கொஞ்சம் பசை குடுங்க சார்" என்று கேட்டு வாங்கி, பசையால் ஒட்டி, மேலே அரக்கு வைத்துத் தன் முத்திரையை அழுத்தினாள்.

நடைவழியில் எல்லோரும் படி இறங்கினார்கள். முதலாளி, முன்னாலும் பின்னாலும் இரண்டு அலுவலர்கள் சூழ, தன் ஊழியர்களைத் திரும்பிப் பார்த்தான். "நீங்க மூணு பேரும் என் கார்ல ஏறுங்க."

நாத்தனாரின் கால் ஒரு படியில் தடுக்கியது.

"அண்ணி!" என்று அந்தக் கட்டடமே அதிரக் கத்தினாள் ஆய்வாளர். "காலையில கேஸை அணைச்சீங்களா இல்லையா?"

நாத்தனார் விழித்தாள். அரை விநாடிதான். ஆறு வருஷச் சண்டைப் பழக்கம் கைகொடுத்தது.

"நான் ஏன் அணைக்கணும்? கடைசியா வெந்நீர் வெச்ச மகாராணி யாரு?"

"வாயி மட்டும் முழ நீளம்! பக்கத்து வீட்டுக்காரங்க போன் மேல போன். வீடே கருகுதாம். இறங்கி வாங்க, சாவி உங்ககிட்டதானே இருக்கு!"

"அய்யோ, இவகிட்ட மாட்டிக்கிட்டு நான் படற பாடு இருக்கே. முதலாளி, நீங்களே கேளுங்க நியாயத்தை!"

முதலாளியின் உதட்டோரம் அந்த நிலைமையிலும் கோணிற்று. "போய்த் தொலை. ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டுச் சாகாதீங்க." காரில் இரண்டு ஊழியர்கள் மட்டும் ஏறினார்கள்.

கழிவறைக்குள் இழுத்துப் போய்த் தாழ்ப்பாள் போட்டாள் ஆய்வாளர். வாளிக்குப் பின்னால் காணாமல் போன திருகாணி மினுங்கிக்கொண்டு கிடந்தது. இரண்டு பேருக்குமே மூச்சு வாங்கியது. நாத்தனார் பைக்கு அடியிலிருந்து வலது கையை எடுத்தாள். கட்டைவிரலில் சாதாரண வெள்ளைத் துணிக் கட்டு.

"லெட்டர் எல்லாமும் நீங்கதானா?"

"வேற எவ? அந்த டேங்குல இறங்கினாரே, அவரு எனக்குத் தினம் காலையில நாற்காலி தூக்கிப் போடுவாரு."

"என்கிட்ட ஒரு வார்த்தை..."

"சொன்னா? கேள்வி கேட்டா நீ பொய் சொல்லமாட்டே. உனக்கு வராதுன்னு நெனச்சேன்." இவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னிக்குத்தான் தெரிஞ்சுது, நல்லாவே வருது."

"நாலு ஜிபியைத் திருப்பி வைக்க மறந்துட்டீங்க."

"நீ உள்ளாற இருமினே. முழிச்சுக்கிட்டியோன்னு அவசரமா மூடிட்டேன். அதனாலதான் கடைசி ரெண்டு விநாடி மங்கலும் சரியா ஒட்டல. எந்த வீட்டுலயாவது ஒருத்தி லேப்டாப்புக்கு அடியில அளவு எழுதி ஒட்டுவாளா?" சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "அவன் பார்த்திருப்பானா?"

"தெரியல. நீங்கதான் ஞாயித்துக்கிழமையே அதை மாத்திட்டு வெள்ளைத் துணி கட்டிட்டீங்களே, அதுக்கு முன்னாடி, சனிக்கிழமை பங்குல யார் கண்ணுலயாவது பட்டுச்சா?"

நாத்தனார் சுவரில் சாய்ந்தாள்.

"அவன்தான் முதல்ல பார்த்தான். 'என்ன, உன்னையும் நிராகரிச்சுட்டாங்களா'ன்னு கேட்டுச் சிரிச்சான்."

வெள்ளிக்கிழமை சண்டையில், வீட்டில் பிளாஸ்திரி இல்லையென்று, ஆய்வாளர் தன் வேலைப் பையிலிருந்து கிழித்து நாத்தனாரின் கட்டைவிரலில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டது அந்த டேப்பைத்தான். மஞ்சள் நிறம். நடுவில், சுவரில் சாணளவுக்குப் பளிச்சிட்ட கறுப்பு எண்கள்: நாலு, ஒன்று, ஏழு, இரண்டு.